ரங்கூன் நடைபாதையில் கிடைக்கும் சார்ஜ் கேபிள்கள்: கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

கரண்டு வந்ததும் ‘மீ லா பீ’ என்று தெருவே கூவும். அடுத்த நிமிஷம் வீட்டிலுள்ள போன், பவர்பேங்க், சார்ஜ் விளக்கு எல்லாம் பிளக்கில் ஏறிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டியதை ஏற்றியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே வேலை செய்யும் கேபிள் காலை வாரும். போனில் மின்னல் குறி தெரியும், ஆனால் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பத்து சதவீதம்கூட ஏறியிருக்காது.

அனோரத்தா சாலை, மகாபண்டுலா சாலை நடைபாதைகளில் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. நிறமும் பெட்டியும் எத்தனை விதமாக இருந்தாலும் உள்ளே பார்த்தால் நான்கே வகைதான்: மெல்லிய பி.வி.சி. உறை போட்டது, போனோடு வரும் ரப்பர் போன்ற உறை போட்டது, நைலான் பின்னல் போட்டது, சிலிக்கான் உறை போட்டது. பர்மியப் பணமான கியாட்டில் விலை மாறிக்கொண்டே இருப்பதால் விலையை எழுதிப் பயனில்லை. எந்த வகை எங்கே அறுகிறது, ஏன் அறுகிறது, எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் அறுகிற இடம். நடுவில் அறுந்த கேபிளை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பு முடிந்து வயர் தொடங்கும் அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் போகும். அதிலும் பெரும்பாலும் போன் பக்கத்துத் தலை. காரணம் எளிது. பிளக் விறைப்பு, வயர் இளக்கம். விறைப்பும் இளக்கமும் சந்திக்கும் கோட்டில்தான் மொத்த வளைவும் போய்க் குவியும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. மெல்லிய கேபிளில் 28 கேஜ் கம்பி (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்) என்பது பெரும்பாலும் 0.127 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஏழு இழைகள் முறுக்கியது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். செம்பை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அது இறுகி, நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். ஒரு இழை முறியும். மீதி ஆறு இழைகள் அதே கரண்டைச் சுமக்கும். அந்த இடத்தில் தடை கூடும், சூடு கூடும், சூட்டில் மேலுறை இளகும், இன்னும் கூர்மையாக மடங்கும், அடுத்த இழை முறியும். வெளியே உறை முழுசாக இருக்கும்போதே உள்ளே பாதி இழை போயிருக்கலாம்.

அதனால்தான் கேபிளின் கழுத்து எப்படி இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கழுத்து என்பது பிளக்கை ஒட்டி வரும் கூம்பு போன்ற ரப்பர்ப் பகுதி. நல்ல கழுத்து பிளக் பக்கம் தடித்து, வயர் பக்கம் போகப் போக மெலியும். அதில் குறுக்கே வெட்டு வெட்டாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளங்கள் அலங்காரத்துக்கு அல்ல. விறைப்பைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு கோட்டில் விழவேண்டிய வளைவை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டருக்குப் பரப்பிவிடும். கழுத்தே இல்லாமல் வயர் நேராகப் பிளக்குக்குள் போனாலோ, கழுத்து ஒரு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிட்டாலோ, மேலே தங்க நூலே சுற்றியிருந்தாலும் அந்தக் கேபிள் வேண்டாம்.

பிளக் தேய்ந்துபோகுமே என்று பலர் கவலைப்படுகிறார்கள். டைப்-சி, மைக்ரோ யு.எஸ்.பி. இரண்டும் 10,000 தடவை சொருகி எடுப்பதைத் தாங்கும்படி தரம் வகுக்கப்பட்டவை. தினம் மூன்று முறை சொருகினாலும் ஒன்பது வருஷம் வரும். சார்ஜர் பக்கத்துப் பெரிய யு.எஸ்.பி. தலைக்குத்தான் 1,500 தடவை என்ற கணக்கு. அதை எப்போதும் சார்ஜரிலேயே விட்டுவிட்டால் போதும்.

இனி வகைகள்.

மெல்லிய பி.வி.சி. கேபிளை முடிந்தவரை தவிர்க்கலாம். பி.வி.சி. தன்னியல்பில் விறைப்பான பிளாஸ்டிக். அதை இளக்குவதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சூட்டிலும் வெயிலிலும் அது மெல்ல வெளியேறிவிடும். சித்திரை வெயில் நேரே விழும் ஜன்னலோரத்தில் ஒரு கோடை கிடந்த கேபிள் மஞ்சளாகி, விறைத்து, வளைத்தால் வெடிக்கும். அதைவிடப் பெரிய குறை உள்ளே இருக்கும் கம்பி. 28 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம் தடை. போக ஒன்று, வர ஒன்று என்று சேர்த்தால் ஒரு மீட்டர் கேபிளில் 0.42 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ட் போய்விடும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போனுக்கு வருவது 4.15 வோல்ட்தான். போன் உடனே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 24 கேஜ் கம்பியாக இருந்தால் அதே இடத்தில் இழப்பு 0.34 வோல்ட்தான்.

கரண்டு முறை வைத்து வரும் ஊரில் இந்தக் கணக்குக்குப் பெரிய மதிப்பு உண்டு. 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது ஏறக்குறைய 19 வாட்-மணி. 5 வோல்ட், 1 ஆம்பியரில் ஏற்றினால் வழி இழப்பெல்லாம் போக நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2 ஆம்பியரில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். மலிவுக் கேபிளால் தவறிப்போன அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடையில் வாங்க முடியாது. செம்புக்குப் பதில் செம்பு பூசிய அலுமினியமோ இரும்போ போட்ட கேபிளும் இந்த வகையில்தான் அதிகம். இரண்டுமே செம்பைவிட மோசமான கடத்தி, அலுமினியம் செம்பைவிடச் சீக்கிரம் முறியவும் செய்யும்.

போனோடு வரும் கேபிள்களின் உறை பெரும்பாலும் டி.பி.இ. என்ற ரப்பர்த்தன்மையுள்ள பிளாஸ்டிக். கைக்கு மிருதுவாக இருக்கும். பி.வி.சி. போல எண்ணெய் வற்றி விறைக்காது. கம்பியும் அந்தப் போனுக்கு ஏற்ற தடிப்பில் இருக்கும். ஆனால் வியர்வையும் கை எண்ணெயும் சேர்ந்து நாளாக ஆகக் கழுத்துப் பக்கம் இந்த உறை பிசுபிசுத்து, தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். ஆப்பிளின் லைட்னிங் கேபிளின் கழுத்து குட்டையானது. அந்த வகைக் கேபிள்கள் கழுத்தில் கிழிவதற்கு அது ஒரு காரணம். 2023-இல் ஐபோன் 15-உடன் டைப்-சிக்கு மாறியபோது பெட்டியில் பின்னல் உறை போட்ட கேபிளைத்தான் கொடுத்தார்கள். ஓப்போ, ஹுவாவே போன்களின் சொந்த வேக சார்ஜ் 4, 5 ஆம்பியரும் சிலவற்றில் அதற்கு மேலும் இழுக்கும். அதற்கு அந்தந்தக் கம்பெனியின் கேபிளோ, அதற்கென்று செய்ததோ வேண்டும். வேறு கேபிள் போட்டால் போன் கெடாது, சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். ஆகவே போனோடு வந்த கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். கரண்டு இருக்கும் நேரத்துக்கு வீட்டில் அதை வைத்துக்கொண்டு, வெளியே எடுத்துப்போக வேறொன்று வாங்குங்கள்.

நைலான் பின்னல் கேபிள்தான் நடைபாதையில் அதிகம் விற்கிறது, அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பின்னல் நல்ல சட்டை. உரசலைத் தாங்கும், பையில் சாவியோடு கிடந்தாலும் கீறல் விழாது, சிக்கல் போடாது. ஆனால் சட்டை எலும்பைக் காப்பாற்றாது. கழுத்தில் நடக்கும் முறிவைப் பின்னல் தடுப்பதில்லை, மறைக்கத்தான் செய்கிறது. வெளியே அழகாக இருக்கும் பின்னல் கேபிள் திடீரென்று ஒரு நாள் செத்துப்போவது இதனால்தான். பின்னல் பிளக்குக்குள் நுழையும் விளிம்பை நகத்தால் தள்ளிப் பாருங்கள். கழுத்து ரப்பர் பின்னல்மேல் அச்சுவார்த்து ஒட்டியிருந்தால் அசையாது. வெறுமனே சொருகி விட்டிருந்தால் பின்வாங்கும், உள்ளே வெள்ளை உறை தெரியும். அப்படிப்பட்டது சில மாதத்தில் பஞ்சு பஞ்சாகப் பிரியும். பிரிந்த நூலை நெருப்பு காட்டிப் பொசுக்குவது பலருக்கு வழக்கம். நைலான் உருகி உள் உறையையும் சேர்த்துக் கருக்கும். நகவெட்டியால் வெட்டினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னல் ஈரத்தைக் குடிக்கும். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழையில் நனைந்த பையில் கிடக்கும் பின்னல் கேபிள் சீக்கிரம் காயாது. அந்த ஈரம் பிளக்குக்கு இறங்கும். அறிவிக்கப்பட்ட தரம் வைத்து வாங்குவதென்றால் அராமிட் நார் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆங்கர் கம்பெனி தன் பவர்லைன் கேபிள்களில் போட்டு விளம்பரப்படுத்திய நார் அது. இழுப்பைச் செம்பு வாங்காமல் நார் வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு அது மருந்தல்ல.

சிலிக்கான் கேபிளுக்குத்தான் எங்கள் ஓட்டு, வீட்டு உபயோகத்துக்கு. ரங்கூன் சூட்டில் விறைக்காது, இளகாது. சுருட்டி வைத்தாலும் பழைய மடிப்பை நினைவில் வைத்துக்கொள்ளாது. உறையே அவ்வளவு இளக்கமாக இருப்பதால் வளைவு கழுத்தில் குவியாமல் கீழே இறங்கிப் பரவுகிறது. படுத்துக்கொண்டு போன் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. குறைகளும் உண்டு: தூசி ஒட்டும், கத்தியோ சாவியோ ஒரு கீறல் போட்டால் அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும், இழுத்தால் உறை நீளும், உள்ளே கம்பி நீளாது. பையில் போட்டுத் திரிவதற்கு இது வேண்டாம்.

காந்த முனைக் கேபிளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சின்ன ஸ்பிரிங் ஊசிகள் வழியாகத்தான் கரண்டு போகிறது. காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டினால் ஊசிகளுக்கு நடுவே ஷார்ட் ஆகும். ஓட்டை தளர்ந்துபோன பழைய மைக்ரோ யு.எஸ்.பி. போனைக் கொஞ்ச நாள் ஓட்ட மட்டும் சரி.

எதை வாங்கினாலும், தலை நேராக இருப்பதா, எல் வடிவத்தில் மடங்கியதா என்பதில் கவனம் வையுங்கள். சார்ஜ் போட்டபடியே போன் பார்ப்பதுதான் கேபிளைக் கொல்லும் முதல் வழக்கம். நேரான தலை நெஞ்சிலோ மேசையிலோ ஊன்றி நிற்க, போனின் எடையெல்லாம் கழுத்தில் விழுகிறது. எல் தலையில் வயர் போனின் அடி விளிம்போடு ஒட்டிப் போவதால் ஊன்றுவதே இல்லை. படுத்திருப்பவருக்கும் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கும் எல் தலையே நல்லது. இரண்டாவது வழக்கம் நம் ஊருக்கே உரியது: பவர்பேங்கைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு, போனைக் கையில் வைத்து நடப்பது. இடுப்பில் அமுங்கும் தலை தொண்ணூறு டிகிரிக்கும் மேல் மடங்கும். 25 முதல் 30 சென்டிமீட்டர் குட்டைக் கேபிள் போட்டு, போனையும் பவர்பேங்கையும் முதுகோடு முதுகாக ஒரு ரப்பர் வளையத்தில் சேர்த்துக் கையில் பிடிப்பது மேல். மூன்றாவது, பழைய கட்டிடங்களில் ஆள் உயரத்தில் இருக்கும் பிளக் பாயிண்ட். ஸ்டூல் ஒன்று கீழே போடாமல் போனைத் தொங்க விட்டால் 200 கிராம் எடை இரவெல்லாம் கழுத்தை இழுக்கும்.

கடையில் நின்றே செய்யக்கூடிய சோதனைகள் சில. கேபிளைக் கையில் தூக்கிப் பாருங்கள், ஒரே நீளமுள்ள இரண்டில் கனமானது பெரும்பாலும் தடித்த செம்பு. சின்னக் காந்தத்தைக் கேபிளின் நடுவில் வையுங்கள், பிளக்கில் ஒட்டுவது இயல்பு, வயரில் ஒட்டினால் உள்ளே இரும்பு. கழுத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைவு வில் போல வர வேண்டும், மூலை போல மடங்கக் கூடாது. விற்பவரிடம் யு.எஸ்.பி. மீட்டர் (வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சின்னக் கருவி) இருந்தால் அதைப் போன் பக்கத் தலைக்கும் போனுக்கும் நடுவே போடச் சொல்லுங்கள். வேக சார்ஜர் 9 வோல்ட்டுக்கு ஏறிவிடும் என்பதால் சாதாரண 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜரில்தான் பார்க்க வேண்டும். போனின் பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கட்டும், நிறைந்த பேட்டரி குறைவாகத்தான் இழுக்கும். 2 ஆம்பியர் அருகில் இழுக்கும்போது 4.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் வாங்கலாம், 4.4-க்குக் கீழே போனால் திருப்பிக் கொடுங்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே கழுத்தை நாலா பக்கமும் அசையுங்கள். எண் குதிக்கக் கூடாது. வீட்டில் பழைய கேபிளுக்கும் இதே சோதனைதான்.

பெரிய யு.எஸ்.பி. தலையிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதனுள் 56 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். சார்ஜரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைப் போனுக்குச் சொல்வது அதுதான். 2015-இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் கடையில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பலவற்றில் தவறான 10 கிலோஓம் இருப்பதை வெளியிட்டார். அப்படிப்பட்ட கேபிளில் போன் 3 ஆம்பியர் கேட்கும். அதைத் தர முடியாத பழைய சார்ஜரும் பவர்பேங்கும் சூடாகும். கண்ணால் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. சாதாரண 1 ஆம்பியர் சார்ஜர் ஒரு குறிப்பிட்ட கேபிளோடு மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தக் கேபிளைச் சந்தேகப்படுங்கள். லேப்டாப்புக்கு இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிள் வாங்கும்போது 60 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும், அதனுள் அடையாளச் சில்லு இருக்கும். சில்லு இல்லாத கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் போகாது.

உறை கிழிந்துவிட்டது, ஆனால் மீட்டரில் எண் குதிக்கவில்லை என்றால் காப்பாற்றலாம். உள்பக்கம் பசை பூசிய, சூடு காட்டினால் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் பிளாஸ்டிக் குழாய் கேளுங்கள். டைப்-சிக்கு 12 மில்லிமீட்டர் குழாய் தலைமேல் நுழைந்து, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கி வயரைப் பிடிக்கும். லைட்னிங் தலைக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் 9 மில்லிமீட்டர் போதும். சாதாரணமாகக் கிடைக்கும் பாதியாகச் சுருங்கும் குழாய் உதவாது, தலையில் இறுகும்போது வயரில் லொடலொடவென்று நிற்கும். கழுத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வியர்வைப் பிசுக்கை எடுங்கள். முதல் துண்டு 5 சென்டிமீட்டர்: ஒன்றரை சென்டிமீட்டர் பிளக் உடம்பின் மேல், மீதி வயரின் மேல். சூடான காற்று ஊதும் ஹாட் கன்னைப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். குழாய் இறுகி, விளிம்பில் பசை லேசாகக் கசிந்ததும் நிறுத்துங்கள். அதன்மேல் இரண்டாவது துண்டு, 3 சென்டிமீட்டர் மட்டும். பிளக் பக்கம் இரண்டு அடுக்கு, அப்புறம் ஒரு அடுக்கு, அப்புறம் வெறும் வயர் என்று விறைப்பு படிகட்டி இறங்க வேண்டும். நல்ல கழுத்து செய்வதும் இதையேதான். ஆறும்வரை நேராக வைத்திருங்கள். சிகரெட் லைட்டரால் சூடு காட்டினால் குழாய் ஒரு பக்கம் கருகும், டி.பி.இ. உறை உள்ளே உருகும்.

பேனா ஸ்பிரிங் சுற்றும் வித்தை எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஸ்பிரிங் ஓரிடத்தில் நிற்காது, அதன் வெட்டுமுனை உறையைக் கிழிக்கும், ஸ்பிரிங் முடியும் இடத்தில் புதிதாக ஒரு மடிப்பு உண்டாகும். இன்சுலேஷன் டேப்பும் அப்படியே. நம் சூட்டில் பசை இளகி ஒரு வாரத்தில் வழுக்கிவிடும், கையெல்லாம் கறுப்பாகும். பிளக்கை வெட்டிப் புதுத் தலை சால்டர் செய்வது பழைய மைக்ரோ யு.எஸ்.பி. விளக்குக்குச் சரி. இரு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளுக்கு உழைப்பு வீண்.

சுருட்டுவதில் ஒரு அளவு இருக்கிறது. கேபிள் தடிப்பைப் போல் பத்து மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்காமல் இருப்பது நல்லது. 4 மில்லிமீட்டர் கேபிளுக்கு 8 சென்டிமீட்டர் வட்டம். டீக்கடைச் சாசர் அளவுக்குச் சுற்றினால் தாராளம். பவர்பேங்கைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் விரலில் சுற்றி முடிச்சுப் போடுவதும் கழுத்தில்தான் போய் முடியும். கழற்றும்போது பிளக்கின் உடம்பைப் பிடித்துக் கழற்றுங்கள்.

பிளக் லொடலொடவென்று ஆடினால் கேபிளை மாற்றுவதற்கு முன் போனின் ஓட்டையை விளக்கடியில் பாருங்கள். பையின் பஞ்சும் முகத்தில் பூசும் தனக்கா தூளும் அடியில் இறுகிக் கிடக்கும். பிளக் முழுசாக இறங்காமல் சாய்ந்து நிற்க, கழுத்துக்குக் கூடுதல் சுமை. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்தால் பலருக்குப் பழைய கேபிளே சரியாகிவிடும். தஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்த போனை அன்றே சார்ஜ் போடாதீர்கள். ஈரமும் 5 வோல்ட்டும் சேர்ந்தால் பிளக்கின் தங்கப் பூச்சு அரித்து ஊசி கறுத்துவிடும். கறுத்த ஊசியுள்ள கேபிள் நல்ல போனின் ஓட்டையையும் கெடுக்கும். லைட்னிங் தலையில் இது கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

கழுத்து சுட்டாலோ, பிளாஸ்டிக் வாசனை வந்தாலோ, செம்பு வெளியே தெரிந்தாலோ பழுதுபார்க்கும் பேச்சே வேண்டாம். 5 வோல்ட் ஷாக் அடிக்காதே என்று சொல்வார்கள். சார்ஜர் நல்லதாக இருக்கும்வரை அது உண்மை. உள்ளே தடுப்புச் சரியில்லாத மலிவுச் சார்ஜரில் 230 வோல்ட் அந்தச் செம்புவரை வரலாம், மெத்தையில் கிடக்கும் ஷார்ட்டான கேபிளுக்கு நெருப்பு வைக்க 5 வோல்ட்டே போதும். அப்படிப்பட்டதைக் குப்பையில் போடும்போது இரண்டு தலையையும் கத்தரித்துவிட்டுப் போடுங்கள். அவசரத்துக்கு யாராவது எடுத்துச் சொருகிவிடக் கூடாது.